உப்பும் புகையிலையும்

கோவளத்தில் தொடங்கி, மாமல்லபுரத்தைக் கடந்து, சதுரங்கப்பட்டினத்தையும் பாலாற்றின் முகத்துவாரத்தையும் தொட்டுக்கொண்டு, செய்யூர் உப்பங்கழி வரையில் நீண்டு கிடக்கும் செங்கற்பட்டுக் கடற்கரையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், பல்லவர் குடைந்த மண்டபங்களையும் ஒற்றைக்கல் ரதங்களையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்நிய தேசத்து வர்த்தகர்கள் கட்டிய கோட்டைகளைப் பற்றியும் ஓரளவு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த மண்டபங்களின் நிழலில் ஒதுங்கியவனும், அந்தக் கோட்டைகளுக்குத் துணி நெய்து கொடுத்தவனும், உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரியவனும், கட்டுமரம் ஏறிக் கடலுக்குப் போனவனும் தங்கள் மடியிலே முடிந்து வைத்திருந்த ஒரு பொருளைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. அந்தப் பொருள் புகையிலை. வெற்றிலையோடு சேர்த்து அதை மென்றவர்கள் உண்டு. சுருட்டாகச் சுருட்டிப் புகைத்தவர்கள் உண்டு. பொடியாக்கி மூக்கில் ஏற்றியவர்கள் உண்டு. ஊர்க்காவல் தெய்வமான முனீசுவரனுக்குச் சுருட்டுப் படைத்து வேண்டிக்கொண்டவர்களும் உண்டு. இத்தனை வடிவங்களில் ஜனங்களிடையே பரவிய இந்தப் பொருளை, இங்கே ஆட்சி செலுத்திய ஒவ்வோர் அரசாங்கமும் என்ன கண்ணோடு பார்த்தது, அந்தப் பார்வையால் ஜனங்களின் வழக்கம் எவ்வளவு மாறியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெற்றிலையும் பாக்கும் நம் நாட்டில் அநாதி காலமாக வழங்கிவருவன. புகையிலையோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக இந்தியாவை அடைந்த வரவு. போர்த்துகீசியர் மயிலாப்பூரில் சாந்தோம் குடியேற்றத்தை அமைத்தது பதினாறாம் நூற்றாண்டில். அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்தில் நிலைகொண்டு, சுற்றுப்புற நெசவாளர்களின் மெல்லிய துணிகளைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். அவர்கள் தேசத்தில் ஹௌடா என்னும் நகரம் வெள்ளைக் களிமண் புகைக்குழாய்களுக்குப் பேர்பெற்றது. டச்சுக் கம்பெனியின் கப்பல்கள் போன துறைமுகங்களுக்கெல்லாம் அந்தக் குழாய்களும் போயின. அந்நியர் குழாயில் புகைத்ததை நம்மவர் இலையில் சுருட்டிப் புகைத்தார்கள். அதைவிட அதிகமாக, பழைய தாம்பூலத்தோடு அதைக் கலந்து மென்றார்கள். புதியதாக வந்த ஒரு பழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்த மற்றொரு பழக்கத்தின்மேல் தொற்றிக்கொண்டபடியால், அதை ஒரு தனிப் பழக்கமென்று எண்ணிப் பார்ப்பதற்கே ஜனங்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். பிற்காலத்தில் மேல்நாட்டில் சிகரெட்டை ஒழிக்க வகுத்த உபாயங்கள் இந்தக் கரையில் பாதி வழியிலேயே நின்றுபோனதற்கு மூல காரணத்தையும் இங்கேதான் தேட வேண்டும்.

1639இல் சென்னையில் காலூன்றிய ஆங்கிலக் கம்பெனி, புகையிலையைக் கண்ட மாத்திரத்தில் அதில் பணத்தைக் கண்டது. வெற்றிலை–புகையிலைக் குத்தகை என்பது பட்டணத்தில் கம்பெனியின் ஆரம்ப கால வருமானங்களில் ஒன்று. ஒரு வியாபாரி மொத்தத் தொகை ஒன்றைக் கம்பெனிக்குச் செலுத்திவிட்டு, நகர எல்லைக்குள் வெற்றிலையும் புகையிலையும் விற்கும் ஏகபோக உரிமையைப் பெறுவான். தான் செலுத்திய தொகையையும் அதற்குமேல் லாபத்தையும் மென்றவர்களிடமிருந்தும் புகைத்தவர்களிடமிருந்தும் வசூலித்துக்கொள்வான். 1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி செங்கற்பட்டுப் பிரதேசத்தைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தபோது, இப்படிக் கணக்குப் பார்க்கப் பழகிய ஓர் ஆட்சியின் கையிலேதான் இந்தக் கடற்கரை போய்ச் சேர்ந்தது. குத்தகை எடுத்தவனுக்கும் சரி, கொடுத்தவனுக்கும் சரி, விற்பனை பெருகுவதே நன்மை; குறைவதில் எவனுக்கும் சிரத்தை இருக்க நியாயமில்லை.

புகையிலையைத் தீயதென்று கருதிய அரசர்கள் அந்தக் காலத்தில் இல்லாமற் போகவில்லை. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் அதைக் கண்டித்து 1604இல் ஒரு நூலே எழுதியதோடு, ராத்தலுக்கு 2 பென்ஸாக இருந்த சுங்கத்தை 6 ஷில்லிங் 10 பென்ஸாக, அதாவது நாற்பது மடங்குக்கும் மேலாக உயர்த்தினார். மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீர் 1617இல் தம் ராஜ்யத்தில் எவரும் புகைக்கலாகாது என்று உத்தரவிட்டார். ஜேம்ஸின் வெறுப்பு, வர்ஜீனியாக் குடியேற்றத்தின் புகையிலை கஜானாவை நிரப்பத் தொடங்கியதும் தணிந்தது; ஜஹாங்கீரின் உத்தரவோ ஜனங்களின் ஹூக்காவை அணைக்கவில்லை. விலையை எட்டாத உயரத்துக்கு ஏற்றினால் என்ன நேரும் என்பதைக் கம்பெனி மலையாளக் கரையில் கண்டது. 1807 வாக்கில் மலபாரில் புகையிலை வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டு, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் விளைந்த புகையிலையைப் பன்மடங்கு விலைக்கு விற்றபோது, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கள்ளக் கடத்தல் பெருகியது. அந்த ஏகபோகம் 1850களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. விலையேற்றத்தால் பயனில்லை என்பதற்கு இதை அத்தாட்சியாகக் காட்டுவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. ஓர் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலையும் அந்தப் பக்கம் வேறொரு விலையும் இருக்கும்போது கடத்தல் நேர்வது இயல்பு; அது வரியின் குற்றமன்று, வரி எங்கும் ஒன்றாக இல்லாத குற்றம்.

நம் கடற்கரையில் சர்க்காரின் கண் புகையிலையைவிட உப்பின்மேல்தான் நெடுங்காலம் பதிந்திருந்தது. 1805இல் சென்னை ராஜதானியில் உப்பு சர்க்காரின் ஏகபோகமாயிற்று. கோவளத்திலும் செய்யூரிலும் உப்பு விளைவித்தவர்கள் அதைச் சர்க்காருக்கே ஒப்படைக்க வேண்டியவர்களானார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் பசித்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து வெட்டி இணைத்து, பக்கிங்ஹாம் கவர்னரின் பெயரைச் சூட்டிய கால்வாய் வழியாக உப்பும் விறகும் படகுகளில் பட்டணத்துக்குப் போயின. உப்பளங்களைச் சுற்றிக் காவல் நின்ற சிப்பந்திகளை இந்தக் கரையில் பிறந்தவர்களின் தாத்தாக்கள் கண்டிருப்பார்கள். அந்தக் காவலின்மேல் மூண்ட கோபமே 1930இல் வேதாரண்யத்தில் ராஜாஜியின் தலைமையில் சத்தியாக்கிரகமாக வெடித்தது.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943இல் இந்திய சர்க்கார் புகையிலைமேல் மத்திய ஆயத்தீர்வையை விதித்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டத்துக்கு மத்திய ஆயத்தீர்வைகள் மற்றும் உப்புச் சட்டம் என்று பெயர். உப்பும் புகையிலையும் ஒரே ஏட்டில், ஒரே இலாகாவின் கீழ் வந்து சேர்ந்தன. ஏழையின் கஞ்சிக்கு இன்றியமையாத பொருளும், அவனுடைய தேகத்தை அரிக்கும் பொருளும் வரி கொடுக்கும் சரக்கு என்ற ஒரே காரணத்தால் ஒன்றாகக் கட்டப்பட்டதைப் போல, ஓர் அரசாங்கம் ஒரு பொருளை எவ்வாறு மதிக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் சாட்சியம் வேறில்லை. 1947இல் சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு உப்பு வரி நீங்கியது. புகையிலைத் தீர்வையோ நீடித்தது. உப்பு வரிக்காகச் சிறை புகுந்த தேசம் புகையிலைத் தீர்வையைக் குறித்து நன்மையாகவோ தீமையாகவோ அதிகம் பேசவில்லை.

பேசாததற்குக் காரணம், தீமை என்றால் அது மது என்ற எண்ணம் ஜனத் தலைவர்களின் மனத்தை முழுவதும் ஆக்கிரமித்திருந்ததே. 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் முதன் மந்திரியாக இருந்த காலத்தில், 1948 அக்டோபர் 2ஆம் தேதி மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. கள்ளுக்கடைகளை மூடிய அதே மந்திரிசபைகள் சுருட்டுக் கடைகளைத் தொடவில்லை. குடித்தவன் வீட்டில் சண்டை எழும், அடுப்பு எரியாது. அதை ஊரார் அன்றைக்கே காண்பார்கள். புகைத்தவனுடைய நெஞ்சுக்குள் இருபது ஆண்டுகளாக நடப்பதை எவர் காண முடியும்? புகையைப் பற்றி நம் பக்கத்தில் வழங்கிய பழைய சட்டங்களில் ஒன்று ரயில்வே சட்டம். 1890ஆம் வருஷத்து அச்சட்டத்தின் 110ஆவது பிரிவு, உடன் பிரயாணம் செய்பவர்களின் சம்மதமின்றி வண்டியில் புகைப்பவனுக்கு இருபது ரூபாய் வரை அபராதம் விதித்தது. செங்கற்பட்டு ஜங்ஷனில் ஏறி எழும்பூருக்குப் போன எண்ணற்றவர்கள் அந்தச் சட்டத்தின் கீழ்ப் பிரயாணம் செய்தவர்களே. அந்தச் சட்டம் காத்தது அடுத்தவனுடைய சௌகரியத்தை. வியாதியின் நினைவு அதில் இல்லை.

வியாதியோ அந்த ரயில் பாதையின் ஓரத்திலேயே இருந்தது. டாக்டர் சௌரி முத்து, இங்கிலாந்தில் காசநோயாளிகளுக்குத் திறந்தவெளிக் காற்றால் சிகிச்சை நடத்திப் புகழ் பெற்றபின் தாயகம் திரும்பி, செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த தாம்பரத்தில் 1928இல் ஒரு சானடோரியத்தை நிறுவினார். 1937இல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. நெசவாளியும் உப்பளத் தொழிலாளியும் மீனவனும் இருமிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் அது. அவர்களுடைய வியாதிக்கு வறுமை, நெருக்கமான குடியிருப்பு, போஷாக்கின்மை என்று காரணங்கள் கூறப்பட்டன; அவை யாவும் உண்மையே. ஆனால் அவர்கள் கையிலிருந்த பீடியும் அந்தக் காரணங்களோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியது என்பது நிரூபணமாக இன்னும் எழுபது ஆண்டுகளுக்குமேல் ஆயின. 1968இல் தொடங்கிப் பெருந்திரளான கிராம ஜனங்களுக்குப் பி.சி.ஜி. ஊசி போட்டுச் சோதித்த புகழ்பெற்ற பரீட்சையும் இந்த ஜில்லாவில்தான் நடந்தது. அந்த ஊசி வயது வந்தோரின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்ற ஏமாற்றமான முடிவையே அது தந்தது. பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து பிரிந்த திருவள்ளூர்ப் பகுதியில் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் பின்னர் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி, புகைப்பவர்களுக்கு நுரையீரல் காசநோய் வருவது மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல் என்று காட்டியது. மறு வருஷம் டாக்டர் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோ முதலியோரும், சென்னை நகரத்திலும் நம் ஜில்லாவின் தென்னெல்லையை ஒட்டிய விழுப்புரத்துக் கிராமங்களிலும் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து, புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைப்போல் நான்கு மடங்கு என்று நிறுவினார்கள். மேல்நாட்டில் புகையிலை என்றதும் நினைவுக்கு வருவது நுரையீரல் புற்றுநோய். இங்கே அது காசத்தின் கையாளாக நின்று கொன்றிருக்கிறது. எத்தனை குடும்பங்கள் அதை அறியாமலே தகப்பனை இழந்திருக்கின்றன என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

மேல்நாடுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1950இல் இங்கிலாந்தில் டோல், ஹில் என்னும் இருவர் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை வெளியிட்டார்கள். 1964இல் அமெரிக்கத் தலைமை வைத்திய அதிகாரியின் அறிக்கை வந்தது. அதன்பின் விளம்பரத் தடை, எச்சரிக்கை வாசகம், ஆண்டுதோறும் ஏறிய வரி, பொது இடத்தில் தடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அயர்லாந்து 2004இல் வேலைத்தலங்கள் அனைத்திலும் புகையை விலக்கியது; ஆஸ்திரேலியா 2012இல் பெட்டியின் அலங்காரத்தையே பறித்தது. 1965இல் நூற்றுக்கு 42 பேர் புகைத்த அமெரிக்காவில் 2021இல் 11.5 பேரே புகைத்தார்கள். 1974இல் நூற்றுக்கு 45 பேர் புகைத்த பிரிட்டனில் 2023இல் 12 பேர் அளவில்தான். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேராமல் ஒதுங்கி நிற்கும் இந்தோனேஷியாவிலோ ஆண்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் இன்றும் புகைக்கிறார்கள். 2004இல் விற்பனையையே ஒரேயடியாகத் தடுத்த பூட்டான், எல்லை தாண்டி வந்த கடத்தலை அடக்க முடியாமல் 2021இல் தடையைத் தளர்த்தியது. சட்டத்தால் ஜனங்களின் வழக்கம் மாறும் என்பதில் ஐயமில்லை. எந்தச் சட்டம், எந்தப் பொருளின்மேல் என்பதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புகையிலை பெரும்பாலும் சிகரெட்டாகவே இருந்தது. ஆகவே சிகரெட்டைத் தாக்கிய சட்டம் புகையிலையையே தாக்கியது. இந்தியா 1975இல் இயற்றிய சட்டமும் சிகரெட்டுச் சட்டமே. பெட்டியின்மேல் எச்சரிக்கை வேண்டும் என்றது. பீடியையும் சுருட்டையும் மெல்லும் புகையிலையையும் அது தொடவேயில்லை. சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் அந்த எச்சரிக்கையைப் படித்திருக்கக்கூடியவர் எத்தனை பேர்? ஈரக் காற்றும் அலைத் திவலையும் தீக்குச்சியை அணைத்துவிடும் கட்டுமரத்தில், புகைப்பதைவிட வாயில் ஒதுக்கிக்கொள்வது சுலபம், கரையேறினால் பீடி. இரண்டுக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. போதாக்குறைக்கு 1979இல் பக்குவப்படுத்தாத புகையிலையின் மேலிருந்த தீர்வை நீக்கப்பட்டது. ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு உட்பட்ட பீடி செய்யும் சிறு உற்பத்தியாளருக்கும் தீர்வை விலக்கு அளிக்கப்பட்டது. தீர்வைக்குத் தப்ப விரும்பிய பெரிய வியாபாரி தன் தொழிலைச் சிறு சிறு பெயர்களில் பிரித்துக்கொள்ள அந்த விலக்கு வழி திறந்து வைத்தது.

எல்லா வடிவங்களையும் ஒருங்கே தழுவிய சட்டம் 2003ஆம் வருஷத்துச் சட்டம். அதன்படி 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பது தடுக்கப்பட்டது. நம் வட மாவட்டங்களைச் சேர்ந்தவரும் வைத்தியருமான அன்புமணி ராமதாஸ் அப்போது மத்திய சுகாதார மந்திரி. 2009இல் எச்சரிக்கைப் படங்கள் வந்தன. 2016இல் அவை பெட்டியின் நூற்றுக்கு 85 பாகத்தை அடைத்துக்கொண்டன. பயன் விளையாமலில்லை. வயது வந்தோரைக் குறித்து நடத்திய தேசிய ஆய்வுகளில், 2009–10இல் நூற்றுக்கு 34.6ஆக இருந்த புகையிலை வழக்கம் 2016–17இல் 28.6ஆகக் குறைந்தது, புகைப்பவர் 14.0இலிருந்து 10.7ஆனார்கள். ஆனால் அதே ஆய்வுகளின் தமிழ்நாட்டுக் கணக்கைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள்: இங்கே 16.2 என்பது 20.0ஆக உயர்ந்திருந்தது. படிப்பிலும் வைத்திய வசதியிலும் முன்னணியில் நிற்பதாகப் பெருமை கொள்ளும் ஒரு ராஜ்யத்துக்கு இது தலைகுனிவு அல்லவா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெட்டிக்கடையின் முன் சற்று நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு அதன் காரணம் ஓரளவு விளங்கும். சிகரெட்டைப் பெட்டியோடு வாங்குகிறவன் அரிது. ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்கி, கடைக் கம்பத்தில் கட்டிய கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு போகிறான். நூற்றுக்கு 85 பாகத்தை அடைத்த அந்தக் கோரமான படம் கடைக்காரனுடைய கண்ணுக்கு மட்டுமே படுகிறது. பீடிக்கட்டின் சுற்றுக் காகிதத்தில் அச்சான படமோ மங்கிக் கசங்கி உருவம் தெரியாமல் கிடக்கிறது. மாமல்லபுரத்துக் கோயில்களைச் சுற்றியுள்ள வேலிக்குள் புகைக்கத் தடை உண்டு, அது ஓரளவு அனுசரிக்கவும் படுகிறது; வேலிக்கு வெளியே உளி பிடித்துக் கல்லின் தூளைச் சுவாசிக்கும் சிற்பத் தொழிலாளி, இடைவேளையில் அதே நெஞ்சுக்குள் பீடிப் புகையையும் இழுத்துக்கொள்கிறான். இவ்விரண்டும் சேர்ந்து அவன் நுரையீரலுக்குச் செய்யும் கேட்டைப் பற்றி அவனிடம் நிதானமாக உட்கார்ந்து பேசுவதற்கு எந்த இலாகாவுக்கும் அவகாசமில்லை என்பதுதான் என் மனக்குறை.

மெல்லும் புகையிலையின் சரித்திரம் இதைவிடச் சிக்கலானது. குட்கா வகைகளைத் தமிழ்நாடு 2001 நவம்பரில் தடை செய்தது. அத்தகைய தடைக்கு ராஜ்யங்களுக்கு அதிகாரமில்லை என்று 2004இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் துணையோடு மீண்டும் தடை வந்தது. ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு அதைச் செல்லாதென்றது. சில மாதங்களுக்குள் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இப்படி வருவதும் போவதுமாக இருக்கும் தடை, பொட்டலத்தைக் கடையின் முகப்பிலிருந்து கல்லாவின் அடிக்கு நகர்த்தியது, விலையை ஏற்றியது, வாங்குகிறவனை முற்றிலும் விலக்கவில்லை. பூட்டான் கண்ட அநுபவத்தையும், மலபாரில் கம்பெனி கண்ட அநுபவத்தையும் இங்கே சேர்த்து நினைக்கத் தோன்றுகிறது.

எஞ்சியிருப்பது பீடி. 2016–17 ஆய்வின்படி இந்தியாவில் சிகரெட்டு புகைப்பவர் வயது வந்தோரில் நூற்றுக்கு 4 பேர். பீடி புகைப்பவரோ 7.7 பேர். ஆயினும் பீடியின் சில்லறை விலையில் வரி நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்துவந்திருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் கூறும் அளவோ நான்கில் மூன்று பங்கு. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது சிகரெட்டின்மேல் கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டது, பீடிக்கு அது இல்லை. 2025 செப்டம்பரில் அந்த வரியின் மன்றம் பீடியின் வரியை நூற்றுக்கு 28இலிருந்து 18ஆகக் குறைக்கத் தீர்மானித்தது. வேலூரிலும் திருநெல்வேலியிலும் வீட்டுத் திண்ணையில் குந்திப் பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு இதற்குச் சமாதானமாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெண்களிடத்தில் எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் குறைந்த வரி அவர்களுக்குக் கூலியாகச் சேரும் என்பதற்கு அந்தத் தீர்மானத்தில் யாதொரு விதியும் கிடையாது. அவர்களுக்கென்றே 1976ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு நல நிதியை வகுத்து, பீடியின்மேல் விதித்த சிறு தீர்வையிலிருந்து அவர்களுக்கு மருத்துவமும் அவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்புதவியும் கொடுத்துவந்தது. சரக்கு சேவை வரி வந்த அதே 2017இல் அந்தத் தீர்வையும் எடுக்கப்பட்டது. அதைப் பன்மடங்காக உயர்த்தி மீண்டும் விதித்து, ஒரு பகுதியைச் சுற்றுகிறவர்கள் வேறு தொழிலுக்குப் போவதற்கும், ஒரு பகுதியைத் தாம்பரத்துக்கும் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரிக்கும் இருமிக்கொண்டு வருகிறவர்களின் புகைப் பழக்கத்தை நிறுத்துவிக்கவும் செலவிட வேண்டும் என்று கேட்கும் குரல், இந்தக் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் எழ வேண்டும். உப்பு வரியை நீக்கச் சொல்லி இரண்டு தலைமுறைக்கு முன் குரல் எழுப்பியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த வரியை விதிக்கச் சொல்லிக் கேட்கவும் உரிமை உண்டு.